கேட்டுக்கு வெளியே ஓர் இலை

"ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வருகிறோம், நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வி மாதம் இரண்டு முறையாவது எனக்கு வந்துவிடுகிறது. ராமாநுஜரைச் சேவிக்க வரும் உறவினர்கள் கேட்கிறார்கள். ஒரகடத்தில் வேலை கிடைத்த பிள்ளையைப் பார்க்க வரும் நண்பர்களும் கேட்கிறார்கள். நம் பக்கத்துக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பதில் இரண்டுதான். "ஹைவேயில் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன" என்பது ஒன்று. "காஞ்சிபுரம் போய்விடுங்கள், இல்லாவிட்டால் சென்னைக்குத் திரும்பிச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அர்த்தம், இங்கே ஒன்றும் இல்லை என்பதுதான்.

இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று வரிசையாக சிப்காட் பூங்காக்கள் உள்ள இடம் இது. 1998-இல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இங்கிருந்து வெளியே போனது. 2000-இல் பிரான்ஸ் நாட்டு செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் திறந்தார்கள். காரும் செல்போனும் கண்ணாடியும் இங்கிருந்து உலகமெல்லாம் போகின்றன. இத்தனையையும் செய்கிறவர்கள் பல்லாயிரம் பேர், மூன்று ஷிப்ட்டாக, இந்த ஊரில்தான் தினமும் பசிக்கிறார்கள். அவ்வளவு பசி உள்ள ஊரில் நாலு பேரிடம் பெயர் சொல்லி அனுப்ப ஒரு சாப்பாட்டுக் கடை இல்லையென்றால், எங்கோ ஏதோ சரியாக இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரின் சாப்பாட்டுக்குப் பெயர் வருவது விருந்தாளிக்குச் சமைப்பதால் வருவதில்லை. அந்த ஊரில் உழைக்கிறவன் தினம் உட்கார்ந்து சாப்பிடும் இடம் நன்றாக இருந்தால்தான் வருகிறது. நாமோ உழைக்கிறவன் சாப்பாட்டை கம்பெனி கேட்டுக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம். வெளியே விருந்தாளிக்கு மட்டும் கடை திறந்தோம்.

இதற்கு எனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பாலாற்றுக்கு முன்பே ரோன் நதியையும் சோன் நதியையும் மனப்பாடம் செய்த தலைமுறை எங்களுடையது. அந்த இரண்டு நதிகளும் கூடும் இடத்தில் லியோன் நகரம் இருக்கிறது. வடக்கே பொஜோலே திராட்சைத் தோட்டங்கள், தெற்கே ரோன் கரைத் தோட்டங்கள். லியோனுக்கு நதிகள் மூன்று, ரோன், சோன், பொஜோலே ஒயின் என்று அந்த ஊர்க்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். பிரான்சில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று கேட்டால் பாரிஸுக்கு முன்னால் லியோனைச் சொல்கிறவர்கள் நிறைய. 1930-களில் குர்னோன்ஸ்கி என்ற பிரபல உணவு விமர்சகர் அதைச் சாப்பாட்டுக்குத் தலைநகரம் என்றே எழுதினார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம். லியோன் பட்டு நெசவு ஊர். அங்கே நெசவாளர்களுக்குக் கனுய் என்று பெயர். க்ருவா ரூஸ் என்ற குன்றின் மேல் உயரமான கூரை வைத்த வீடுகளில் தறி போட்டு வாழ்ந்தவர்கள். கூலிக்கு நிர்ணயமான விகிதம் வேண்டும் என்று 1831-இல் கிளர்ந்தெழுந்தவர்கள். விடியும் முன்பே தறியில் உட்காரும் அந்த ஆட்களுக்குக் காலை ஒன்பது மணி வாக்கில் பசி வந்துவிடும். அப்போது தெருமுனைக் கடையில் உட்கார்ந்து குடல், தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி, ரொட்டி, கூடவே ஒரு குப்பி பொஜோலே என்று சாப்பிடுவார்கள். அதற்கு மாஷோன் என்று பெயர். அந்த மாதிரிக் கடைகளுக்குப் பூஷோன் என்று பெயர். இன்றைக்கு வெளிநாட்டுப் பயணிகள் தேடிப் போய் உட்காருவது இந்தப் பூஷோன்களில்தான். உண்ணும் பண்டமும் நெசவாளி உண்ட அதே பண்டம்தான். பாலாடையில் பூண்டும் பச்சிலையும் போட்டு அடித்த ஓர் எளிய பதார்த்தத்துக்கு, அங்கே இன்னமும் "நெசவாளியின் மூளை" என்றுதான் பெயர்.

இதில் இன்னொரு பகுதி பெண்களுடையது. லியோனில் பணக்கார வீடுகளில் சமையல் வேலை செய்த பெண்கள், அந்த வீடுகளை விட்டு வெளியே வந்து தாங்களே சிறிய சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். ஊர் அவர்களை "மேர்", அதாவது "அம்மா" என்று அழைத்தது. நாம் மெஸ் நடத்தும் அம்மாவை மாமி என்றும் அக்கா என்றும் கூப்பிடுவதுபோல. அவர்களில் எழேனி பிராசியே என்பவர் பண்ணையில் வேலை பார்த்த ஏழைப் பெண். 1921-இல் லியோனில் ஒரு சின்னக் கடை திறந்தார். 1933-இல் அவருடைய இரண்டு கடைகளுக்கும் மிஷ்லென் வழிகாட்டி மூன்று மூன்று நட்சத்திரம் கொடுத்தது. அதுவரை யாரும் ஆறு நட்சத்திரம் வாங்கியதில்லை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற போல் பொக்கூஸ் இந்த அம்மாவின் சமையற்கட்டில் தொழில் பழகியவர்.

லியோன் எங்கே, ஒரகடம் எங்கே என்று கேட்பீர்கள். பாதி வழி காஞ்சிபுரம் வழியாகவே போய்விடலாம். லியோனைச் சேர்ந்த ஜக்கார்டு 1804-இல் தறிக்கு மேலே பொருத்தத் துளை அட்டைப் பொறியைக் கொண்டுவந்தார். அந்த ஜக்கார்டு பெட்டிதான் இன்றும் காஞ்சிபுரத்துத் தறியின் தலைமேல் உட்கார்ந்து புட்டாவும் கொடியும் எடுக்கிறது. அதுவும் பட்டு ஊர், இதுவும் பட்டு ஊர். காஞ்சிபுரத்துச் சாப்பாட்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. வரதராஜர் கோவில் இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வேகவைப்பது. பெருமாளுக்கு நிவேதனமாகி ஊருக்கு வந்தது. ஊர்க்காரர்கள் சாப்பிட்டதால்தான் நின்றது. விருந்தாளிகள் அதைத் தேடி வந்தது அதற்குப் பிறகு.

ஆக, நம் ஜில்லாவுக்குச் சாப்பாட்டு ருசி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் அது ஏன் நிற்கவில்லை?

ஒரு காரணம் நல்ல சட்டம் ஒன்றிலிருந்தே வந்தது. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்று விதிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 47-ஆவது பிரிவு, 150 பேருக்கு மேல் இருந்தால் சாப்பிடும் அறையாவது வேண்டும் என்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கேன்டீனுக்கான எண்ணிக்கையை நூறாகக் குறைத்து, கான்ட்ராக்ட் தொழிலாளர்களையும் கணக்கில் சேர்த்தது. இதெல்லாம் தொழிலாளிகள் கேட்டு வாங்கிய உரிமை. இதில் ஒரு எழுத்தையும் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். பெரிய ஆலையில் வேலை செய்கிறவர் கம்பெனி பஸ்ஸில் ஏறி கேட்டுக்கு உள்ளே இறங்குகிறார். உள்ளேயே டீ, உள்ளேயே சாப்பாடு. பிறகு மறுபடியும் பஸ். ஊரின் பெரிய பசி ஊர்க் கடைக்கு வருவதே இல்லை. கடைக்கு மிஞ்சுவது மூன்று வகையினர். பெரிய ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்யும் சிறிய யூனிட்டுகளில் வேலை பார்க்கிற, கேன்டீன் இல்லாத ஆட்கள் ஒரு வகை. லாரி டிரைவர்கள் இன்னொரு வகை. நிலத்தைக் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்கும் ஊர் ஜனங்கள் மூன்றாவது வகை. இவர்களுக்குக் கிடைப்பது கையேந்தி பவன், பரோட்டாக் கடை, பிரியாணி அண்டா. நின்றுகொண்டு சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பார்சல்.

உள்ளே கிடைப்பதும் எப்போதும் நன்றாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கேன்டீன் நடத்துவது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் கான்ட்ராக்டர். நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் கேன்டீன் டெண்டர் கோப்புகள் என் மேஜை வழியாகப் போயிருக்கின்றன. குறைந்த விலை குறித்தவருக்கு ஆர்டர் போகும். சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்று கேட்க அந்தக் கோப்பில் ஒரு காலமும் கிடையாது. விலைக்கு மட்டும் காலம் உண்டு. சாப்பிடுகிறவர் வேறு, பணம் கொடுக்கிறவர் வேறு என்று ஆகிவிட்டால், பிடிக்காதவர் எழுந்து அடுத்த கடைக்குப் போக முடியாது. கடைக்காரருக்கு இருக்கும் அந்தப் பயம் கான்ட்ராக்டருக்கு இல்லை.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2021 டிசம்பரில் எல்லோரும் பார்த்தோம். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளிகள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உடனிருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் மற்றப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரியில்தான் ஆலை மீண்டும் திறந்தது. அந்தப் பெண்கள் இருபது வயதுப் பிள்ளைகள், பல ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். விடுதிச் சாப்பாடு நன்றாக இல்லை என்று அவர்கள் தட்டை ஒதுக்கியிருந்தால், ராத்திரி ஒன்பது மணிக்கு வேறு எங்கே போய்ச் சாப்பிட்டிருப்பார்கள்? நான் திரும்பத் திரும்ப நினைப்பது இந்தக் கேள்வியைத்தான்.

அதன் பிறகு அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதல்வர் திறந்துவைத்தார். சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டியது. தங்க இடம் என்ற அளவில் அது பெரிய காரியம், பாராட்டுகிறேன். ஆனால் அங்கேயும் சாப்பாடு காம்பவுண்டுக்குள்தான். பதினெட்டாயிரம் பெண்கள் என்றால் ஒரு டவுன். ஒரு டவுன் அளவு மனிதர்கள் வாரத்தில் ஒருநாள், சம்பளம் வந்த சாயங்காலம், சிநேகிதிகளோடு நடந்து போய் ஒரு மேஜையில் உட்கார்ந்து தனக்குப் பிடித்ததைச் சொல்லிச் சாப்பிட வெளியே என்ன இருக்கிறது?

ஆண்களுக்காவது உட்கார ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைச் சொல்ல எனக்குச் சந்தோஷமில்லை. 2003-இல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. அதற்கு முன் தனியார் நடத்தியபோது கடைப் பலகையில் "ஒயின்ஸ்" என்று எழுதியிருப்பார்கள். உள்ளே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். இன்றும் நம் பக்கத்தில் வேலை விட்டு வருகிறவர் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச முடிகிற இடம் பல கிராமங்களில் டாஸ்மாக் பார் ஒன்றுதான். லியோன் நெசவாளி சாப்பாட்டுக்குத் துணையாக ஒயின் வைத்துக்கொண்டார். நம் ஆள் சாராயத்துக்குத் துணையாகச் சாப்பாடு வைத்துக்கொள்கிறார், அதற்குப் பெயரும் "சைடு டிஷ்". முழு வயிற்றுக்கு உட்கார்ந்து சாப்பிட ஒரு நல்ல கடை பக்கத்திலேயே இருந்திருந்தால், எல்லோரும் அங்கே போயிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலராவது போயிருப்பார்கள். அந்தச் சிலர் வீட்டுப் பெண்களைக் கேட்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சரி, இப்போது வருகிறவர்களுக்கு என்ன சொல்வது? கடைப் பெயர் சொல்ல மாட்டேன். நான் எழுதி முடிப்பதற்குள் மாஸ்டர் மாறிவிடுவார். ஆனால் எந்த வகைக் கடையைத் தேட வேண்டும் என்று சொல்ல முடியும்.

காலையில் என்றால் முதல் ஷிப்ட் பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை. விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றவைக்கும் கடை. ஒருவருக்கும் நேரமில்லாத அந்த வேளையில் இட்லி கல்லாக இருந்தால் மறுநாள் யாரும் வரமாட்டார்கள். ஆகவே கூட்டம் இருக்கும் கடையை நம்பலாம். எட்டரை மணிக்கு மேல் போனால் சட்னியில் தண்ணீர்தான் இருக்கும்.

வெயில் காலத்தில் பதினொரு மணி வாக்கில் சாலையோரம் கேழ்வரகுக் கூழ் விற்கும் பெண்களைப் பாருங்கள். மோர் மிளகாய், சின்ன வெங்காயம், மாங்காய்த் துண்டு, வேண்டியவர்களுக்குக் கருவாடு. தொண்டை மண்டலத்தின் ஏரிக்கரை ஜனங்கள் வயலுக்குப் போகும்போது குடித்த அதே கூழ். இந்த ஊர் மண்ணின் சாப்பாடு எது என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். எங்கள் வயதுக்காரர்களுக்குச் சர்க்கரை நோய்க்கும் பரவாயில்லை என்கிறார்கள், அளவோடு குடித்தால்.

மதியத்தில், ஒரகடம், மாத்தூர், வல்லம் பக்கம் ஒடிசா, பீகார், வங்காளத்துத் தொழிலாளர்களுக்காக அவர்கள் ஊர்க்காரர்களே நடத்தும் சின்னக் கடைகள் இருக்கின்றன. நம்மவர்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். ஒடிசாக்காரர்கள் பக்காளா என்று சொல்வது நம் பழையசோறுதான். பீகாரிகளின் லிட்டி, சத்து மாவை உள்ளே வைத்துத் தணலில் சுட்ட உருண்டை. கத்தரிக்காயைச் சுட்டு மசித்த சோக்காவைத் தொட்டுக்கொண்டால் நம் வீட்டுக் கத்தரிக்காய்க் கொத்சு ஞாபகம் வரும். வங்காளிகளுக்கு மீன் குழம்பும் சோறும் இல்லாமல் முடியாது. உழைக்கிறவர் தன் காசைக் கொடுத்து, தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்துச் சாப்பிடும் கடை இந்த ஊரில் மிச்சமிருப்பது இவைதான். பூஷோன் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இவற்றைத்தான் சொல்வேன். உட்கார இரண்டு பெஞ்சும் கைகழுவ ஒரு குழாயும் இன்னும் சரியாக இருந்தால் போதும்.

கொரிய எழுத்தில் பலகை வைத்த ஹோட்டல்கள் ஹூண்டாய் வந்த பிறகு வந்தவை. விலை நம் பென்ஷனுக்கு எட்டாது, யாராவது அழைத்துப் போனால் போகலாம். அங்கே எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. சோற்றுக்கு எவர்சில்வர் கிண்ணம் வைக்கிறார்கள். அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டுகளில் கிம்ச்சி, கீரை, முளைப்பயறு என்று ஐந்தாறு வகை. தீர்ந்துபோனால் கேட்டால் மறுபடி வைக்கிறார்கள், அதற்குத் தனிக் காசில்லை. இலையில் கூட்டும் பொரியலும் இரண்டாம் தரம் பரிமாறும் வழக்கம் நம்மோடு நின்றுவிடவில்லை என்று தெரிந்தது. தங்கள் நாட்டிலிருந்து வந்த கொஞ்சம் பேருக்காக அவர்கள் ஒரு நல்ல மேஜையை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பல்லாயிரம் பேருக்கு நாம் போடவில்லை.

எந்தக் கடையாக இருந்தாலும் நுழைவதற்கு முன் நான் பார்ப்பது ஒன்றே. உள்ளே பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? ஆண் துணை இல்லாமல் இரண்டு பெண்கள் தைரியமாக உட்கார்ந்திருந்தால், அந்தக் கடையில் தண்ணீர் சுத்தமாக இருக்கும், கழிவறை இருக்கும், பில்லில் தகராறு இருக்காது. இதுவரை இந்தக் கணக்கு எனக்குத் தப்பியதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதும் எனக்குத் தெரியும். "கேன்டீனில் சலுகை விலையில் கிடைக்கும்போது எவன் வெளியே காசு கொடுப்பான்?" என்பார்கள். தினமும் கொடுக்க மாட்டார்கள், உண்மை. வாரத்தில் ஒருநாள், இரண்டுநாள் கொடுப்பார்கள். விடுமுறை நாளில் கேன்டீன் இல்லை. சிறிய யூனிட் ஆட்களுக்குத் தினமுமே இல்லை. "தேவை இருந்தால் தனியார் தானாகவே கடை போடுவான்" என்பார்கள். போடுகிறார்கள், ஹைவே ஓரத்தில், காரில் வருகிறவருக்காக. சிப்காட்டுக்குள் ஒரு சாதாரண ஆள் கடை போட நிலமும் கிடையாது, வாடகையும் கட்டுப்படியாகாது. "வெளியே சாப்பிடுவதே கெட்ட பழக்கம், எங்கள் காலத்தில் உண்டா?" என்று நம் வயதுக்காரர்கள் சொல்வார்கள். நம் காலத்தில் வீடு பக்கத்தில் இருந்தது, வீட்டில் யாரோ ஒருத்தி நாள் முழுக்க அடுப்படியில் நின்றாள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து எட்டுப் பேர் ஓர் அறையில் தங்கும் பெண்ணுக்கு அந்த அடுப்படி எங்கே?

ஆகவே என் யோசனை இது. கோப்பு எழுதிப் பழகிய கை, இனங்களாகவே எழுதிவிடுகிறேன்.

ஒன்று. ஒவ்வொரு சிப்காட் பூங்காவிலும், பஸ் நிற்கும் இடத்துக்கும் விடுதிகளுக்கும் நடக்கும் தூரத்தில், பத்துப் பதினைந்து சின்னக் கடைகள் அடங்கிய சாப்பாட்டு வரிசை ஒன்றுக்கு நிலம் ஒதுக்க வேண்டும். தண்ணீர், சாக்கடை, விளக்கு, கழிவறை, உட்கார மேஜை ஆகியவற்றைச் சிப்காட் செய்துதர வேண்டும். ஆலைக்கு ரோடும் மின்சாரமும் போட்டுத் தருகிறவர்களுக்கு இது பெரிய செலவில்லை.

இரண்டு. கடைகளை மொத்தமாக ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுக்கக்கூடாது. பாதியாவது, நிலம் கொடுத்த கிராமங்களின் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குப் போக வேண்டும். 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது, ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் செய்து கொடுத்தவர்கள் இப்படிப்பட்ட குழுப் பெண்கள்தான். இங்கே இலவச விலை வேண்டாம். நியாயமான விலைக்கு அவர்களே முதலாளியாக நடத்தட்டும். இன்றைக்கு அதே பெண்கள் கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்கு வெங்காயம் உரிக்கிறார்கள். மற்ற கடைகளில் ஒடிசாக்காரருக்கும் பீகாரிக்கும் இடம் கொடுங்கள்.

மூன்று. கம்பெனிகள் கேன்டீனைத் தொடரட்டும். ஆனால் மாதத்தில் நாலு வேளைச் சாப்பாட்டுக்காவது வெளியே செல்லுபடியாகும் டோக்கன் கொடுக்கலாம். அந்த நாலு வேளையிலும் ஆட்கள் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று பார்த்தால், கேன்டீன் கான்ட்ராக்டருக்கும் தன் சாம்பாரைப் பற்றிக் கொஞ்சம் கவலை வரும்.

நாலு. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக அந்த வரிசை இரவிலும் திறந்திருக்க வேண்டும், போலீஸ் பந்தோபஸ்துடன். உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதம் ஒருமுறை வந்து பார்த்து, அறிக்கையைச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி தமிழிலும் இந்தியிலும் ஒட்ட வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் சிரிப்பார்கள். ஏரியும் வயலுமாக இருந்த இடத்தில் முப்பது வருடத்துக்குள் கார் ஆலையும் செல்போன் ஆலையும் வருமென்று 1990-இல் யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்போம். பதினைந்து சின்னக் கடைகள் அதைவிடவா கஷ்டம்? இங்கே உள்ள ஊராட்சித் தலைவர்களையும் குழுப் பெண்களையும் நேரில் தெரிந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருக்கிறீர்கள். அடுத்த கிராமசபைக் கூட்டம் வரும்போது இந்த நாலு இனங்களில் முதலாவதையாவது எழுந்து நின்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் அதற்கு ஓர் எண் கிடைக்கும். எண் கிடைத்த காகிதம் சீக்கிரத்தில் சாகாது என்பது என் உத்தியோக அனுபவம்.